பீலி இல்லாத ரோடு

அப்பாவைப் படுத்தபடியே யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வண்டி தேடினோம். ரயிலில் போயிருக்கலாமே என்று இன்றைக்கும் சில மேதாவிகள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கெல்லாம் இடுப்பெலும்பு முறிந்ததில்லை. உட்கார முடியாத, ஒருக்களித்துப் படுக்கவும் முடியாத ஒரு மனிதரைத் தலவாக்கலையில் ரயிலேற்றி, வழியில் இறக்கி, வேறு ரயிலுக்கு மாற்றி, சனக்கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அப்பாவே சொல்லிவிட்டார்: "தேயிலப் பொட்டி மாதிரி என்னைய ஏத்தி எறக்க வேணாம். அதுக்கு இங்கேயே கெடந்துட்டுப் போறேன்."

எங்களுக்கு ஓட்டும் இல்லை, சொந்த நாடும் இல்லை என்றாகிவிட்ட வருஷங்கள் அவை. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளைக்காம்பராவில் நான் ஆயா. என் கணவர் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் இறக்குவார். நானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் இருந்துகொண்டு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசாமலே நான்கு வருஷத்தை ஓட்டினார்கள். "உன் டைவர்கிட்ட சொல்லு" என்பார் இவர். "மாமா சாப்பிட்டாரான்னு கேளு" என்பார் அவர். நடுவில் நான் தந்திக்கம்பி மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா தேயிலை வெட்டும் கவ்வாத்து ஆள். முந்தின வருஷத்து மழையில் மலையில் கால் சறுக்கி, கல் கட்டிய வடிகானுக்குள் போய் விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். எலும்பு சேர்ந்தால் சேரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேரவில்லை. வலியைக்கூட அவர் பெரிதாகச் சொன்னதில்லை. வெளிக்குப் போக மகள் தூக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அப்போது எனக்கு வந்த அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் புள்ளைக்காம்பராப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன்.

தோட்டத்து மருந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். ஆடி மாதத்தில் ஒருநாள் அவர்தான் வந்து சொன்னார்: "எங்கட ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்கார டொக்டர் வந்து நிக்கிறார். இடுப்புக்குள்ள ஆணி வைச்சு ஆக்களை நடக்கப்பண்ணுறார். நான் கதைச்சு ஒரு கட்டில் எடுத்துத் தாறன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு முன்னம் கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு மனுசன் கப்பல் ஏறிடுவார்."

அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மருந்தையா போனபிறகு என்னிடம், "ஆணி அடிச்சா தானா எந்திரிச்சு நடக்கலாமாமா?" என்றார். அந்த "தானா" என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், எப்படியாவது கொண்டுபோயே தீருவது என்று நான் முடிவுசெய்துவிட்டேன்.

முதலில் லொறியைக் கேட்டோம். லொறி தேயிலைக்கு என்று துரை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு தலவாக்கலையில் வாடகைக்கு ஓடும் நீளக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார் என் கணவர். பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குப் பலகை போட்டால் படுக்கலாம், ஆனால் கால் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டும் என்றார். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். "காலை நீட்டிக்கிட்டு ஊர்கோலம் போக நான் என்ன பொணமா?" என்றார் அப்பா. காரும் போயிற்று.

கடைசியில் அமைந்தது பாண் வண்டி. பூண்டுலோயா பஜாரில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவருடையது. நாலா பக்கமும் தகரம் அடித்து, பின்னால் இரட்டைக் கதவு வைத்து, உள்ளே பாண் ரொட்டி அடுக்கும் தட்டுகளோடு இருந்த பழைய வேன். தோட்டம் தோட்டமாகப் பாண் கொண்டுபோன வண்டி. நானா நல்ல மனிதர். நோயாளிக்கு என்றதும் இரண்டாம் பேச்சில்லாமல் சாவியைத் தந்தார். "பத்து வருஷமா பாண் ஏத்துறேன் தம்பி. இந்த எஞ்சின் ஒரு நாளும் சூடானதில்ல" என்றார். அதை நாங்கள் பெரிய நற்சான்றாக எடுத்துக்கொண்டு வந்தோம். குளிரில் ஓடும் வண்டி ஏன் சூடாகப்போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் கணவர் வண்டியைச் சோதித்த விதத்தை நான் கூட இருந்து பார்த்தேன். தோட்டத்து ஏற்றத்திலேயே செங்குத்தான வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார். கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு விரல் தள்ளி ஒரு தேங்காயை வைத்தார். மறுபடி ஏறி வண்டியைக் கிளப்பினார். தேங்காய் உடையவில்லை. பின்னுக்கு ஓர் அங்குலமும் சறுக்காமல் வண்டி ஏறியது. "ஏத்தத்துல நின்னு கெளம்புற வண்டிதான் வண்டி. மத்ததெல்லாம் தகர டப்பா" என்றார். இறக்கத்தில் பிரேக் பார்த்தார். மழையில் வைப்பர் பார்த்தார். முதல் கியரின் முனகலைக் காதால் கேட்டுத் தலையாட்டினார். மலையில் என்னென்ன கேட்கவேண்டுமோ, அத்தனையையும் அந்த வண்டியிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வண்டி லயத்து வாசலிலேயே நின்றது. காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பியதும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். பாண் தட்டுகளைக் கழற்றினோம். தரையில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பிச் சாக்கு விரித்தோம். வளைவுகளில் அப்பாவின் இடுப்பு குலுங்கக் கூடாதே என்று என் கணவர் ஒரு யோசனை செய்தார். கொழுந்து கட்டும் படங்குச் சாக்கை நாலாக மடித்துத் தைத்து, கூரையில் போல்ட் போட்டு, நாலு மூலையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மட்டும் சமமாக நின்றது. வாசலில் படுத்தபடியே பார்த்த அப்பா, "உன் டைவரு எனக்குத் தூளி கட்டிட்டாரு. தாலாட்டு யாரு பாடுறதுன்னு கேளு" என்றார். கேலிதான். ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

தகர இடுக்குகளில் குளிர்காற்று வராமல் பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டியது நான்தான். அப்பா நடுங்கினால் இடுப்பு வலிக்கும். அதனால் கரி அடுப்பொன்றை மூலையில் கம்பியால் கட்டினோம். ஆளாளுக்குக் கம்பளி கொடுத்தார்கள். கடைசிக் காம்பராப் பெண் கொத்தமல்லித் தண்ணீருக்கு இஞ்சி இடித்துத் தந்தாள். இன்னொருத்தி கம்பளித் தொப்பி தந்தாள். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டை, சேற்றில் இழுக்கச் சங்கிலி, பாறை சரிந்திருந்தால் ஒதுக்க அலவாங்கு, எல்லாம் ஏறின. தூரப் பயணம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது குளிரும் மழையும் சரிவும்தான். லயமே திரண்டு வந்து கொடுத்ததில் ஒரு குடம் மட்டும் இல்லை.

தண்ணீருக்கு என் கணவர் எடுத்துவைத்தது கைப்பிடிக் கம்பி கட்டிய ஒரு தகர டின். பால்மா டின். எங்கள் மலை ரோடுகளில் வளைவுக்கு ஒரு பீலி உண்டு. பாறையில் வழிகிற தண்ணீரை மூங்கிலோ தகரமோ செருகி ரோட்டோரம் கொட்டவிட்டிருப்பார்கள். ரேடியேட்டருக்கு வேண்டுமென்றால் நிறுத்தி, டின்னை நீட்டினால் போதும். தண்ணீரைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிற டிரைவர் ஒருவரையும் நாங்கள் கண்டதில்லை. அப்படி ஒருத்தன் இருந்தால் அவனைப் பைத்தியம் என்றிருப்போம்.

வியாழக்கிழமை விடியுமுன் தூறலில் கிளம்பினோம். மறுநாள்தான் அந்தக் கடைசி வெள்ளி. அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். என் கைக்குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டிருந்தேன். கொத்மலை இறக்கம் முழுக்கப் பனிமூட்டம். வண்டி தேர் மாதிரி இறங்கியது. தூளி அதன்பாட்டுக்கு ஆடிச் சமன்பட்டது. அப்பா ஒரு தடவைகூட முனகவில்லை. கம்பளை தாண்டி, கண்டி தாண்டி, மாத்தளையில் நிறுத்தி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். "உன் டைவரு பரவால்ல" என்றார் அப்பா. நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. முன்னால் இருந்தவருக்குக் கேட்டிருக்கும். காது சிவந்திருந்தது.

மலை முடிந்ததை முதலில் என் முதுகுதான் உணர்ந்தது. நான் சாய்ந்திருந்த தகரம் சுட்டது. தம்புள்ளை தாண்டியதும் ரோடு வளைவதை விட்டுவிட்டு நேரே ஓட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் காய்ந்த காடு. இலையெல்லாம் செம்மண் தூசி. கச்சான் காற்று அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி அடித்தது. பேப்பர் ஒட்டி அடைத்த வண்டிக்குள் மூச்சு முட்டியது. நான் பாடுபட்டு ஒட்டியதை எல்லாம் நகத்தால் பிய்த்தேன். பின்கதவைத் திறந்து கட்டினேன். தூசி உள்ளே வந்தது. கம்பளிகளை ஓரத்தில் குவித்தேன். படங்குச் சாக்கு அப்பாவின் வேர்வையை உறிஞ்சி முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொத்தமல்லித் தண்ணீர் ஒரு போத்தலும் வெறும் தண்ணீர் ஒரு போத்தலும் இருந்தன. முதலாவதை அப்பா எப்போதோ குடித்து முடித்திருந்தார்.

பிறகு எஞ்சினிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. என் கணவர் ஓரங்கட்டினார். டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினார். எஞ்சினை நிறுத்திவிட்டு ரோட்டு நடுவில் நின்று தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார்.

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் மலையில் எந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினாலும் எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அது இல்லாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டுகளின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர் கொஞ்ச தூரம் நடந்து போய் மறுபடி நின்று கேட்டார். கையில் அந்த டின் ஆடிக்கொண்டிருந்தது. என் ஆயுசில் அவரை அவ்வளவு அநாதையாக நான் பார்த்ததில்லை.

நானும் இறங்கிக் காட்டோரம் தெரிந்த மண் வீட்டுக்கு ஓடினேன். "வத்துர தியெனவத?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தண்ணீர் கேட்டேன். வாசலில் நின்ற பெண் பானையைச் சரித்துக் காட்டினாள். அடியில் கலங்கலாகக் கொஞ்சம் கிடந்தது. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வெவ ஹிந்திலா" என்றாள். குளம் வற்றிவிட்டது. அதிலும் பாதியை எனக்குத் தர வந்தாள். என்னால் வாங்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ஒரு போத்தல் தண்ணீர்தான் மிச்சம். எஞ்சின் ஆறியதும் அதை ஊற்றினால் அடுத்த பஜார்வரை ஓட்டிவிடலாம் என்றார் என் கணவர். அப்பாவுக்கு உதடு வெடித்திருந்தது. நெற்றி கொதித்தது. "எங்கப்பாவுக்குக் குடுக்காம வண்டிக்கு ஊத்துவீங்களா?" என்று நான் அவர்மேல் பாய்ந்தேன். ரோடு என்றும் பாராமல் கத்தினேன். அவர் போத்தலைக் கொண்டுவந்து அப்பாவின் வாயருகே பிடித்தார்.

அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். "நான் குடிச்சா ரெண்டு வாயி. அதோட முடிஞ்சிரும். வண்டி குடிச்சா எல்லாரும் போயிரலாம்" என்றார். பிறகு, எங்கள் கல்யாணத்துக்குப் பின் முதல் தடவையாக, என் கணவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "வண்டிக்கு ஊத்துங்க மாப்ள."

என் கணவர் ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது. சிந்திய இடத்தில் மண் அதை உடனே இழுத்துக்கொண்டது.

வண்டி கிளம்பியது. அடுத்த பஜாரின் கூரைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மறுபடி கொதித்தது. இந்த முறை எஞ்சினுக்குள் ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. அதோடு நின்றுவிட்டது. மரம் ஏற்றி வந்த லொறிக்காரர்கள் நின்று உதவினார்கள். நினைவு தப்பிக் கிடந்த அப்பாவைத் தூளியோடு அவிழ்த்து, மரக்குற்றிகள் மேல் வைத்து, அந்தப் பஜாரில் இருந்த சிறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் கண் திறந்தபோது வெள்ளிக்கிழமை போய்விட்டிருந்தது. வெள்ளைக்கார டாக்டரும் போய்விட்டிருந்தார்.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் பாஸ், அவர் சிங்களவர், ரேடியேட்டரைத் தட்டிக் காட்டினார். உள்ளே பாதிக் குழாய்கள் சேறு இறுகி அடைத்திருந்தன. பத்து வருஷமாகப் பீலித் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போன மலைச் சேறு. குளிரில் அது வெளியே தெரியவில்லை. வெயில் பட்டதும் தெரிந்துவிட்டது. என் கணவர் அந்தச் சேற்றை விரலால் தோண்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் தோட்டத்து மண்ணின் நிறம்தான்.

வெடித்த குழாயை மாற்றி, முடிந்தவரை சேற்றை எடுத்து, பாஸ் வண்டியை ஓடவைத்துத் தந்தார். திரும்பி வரும்போது, மாத்தளைக்கு மேல் ஏறியதிலிருந்து அந்த வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் சமர்த்தாக ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை உதைக்கவேண்டும் போலிருந்தது. கொத்மலை ஏற்றத்தில் முதல் பீலியைக் கண்டதும் என் கணவர் நிறுத்தினார். டின்னை நிறைத்து முதலில் அப்பாவிடம் கொண்டுவந்தார். அப்பா குடித்தார். "நல்லா சில்லுன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான். நான் பின்கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

லயத்தில் எல்லாரும் கூடிக் கேட்டார்கள். "யாழ்ப்பாணமா? ஒரே வெயிலுப்பா. நமக்குச் சரிப்படாது" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். போய்ச் சேரவில்லை என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. மருமகனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பொய். அது எனக்குத் தெரியும், என் கணவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அப்பா சில வருஷம் இருந்தார். நடக்கவில்லை. வண்டியிலிருந்து கழற்றிய தூளியைக் காம்பராக் குறுக்குமரத்தில் கட்டி அதிலேயே கிடந்தார். அவரை வெளிக்குத் தூக்குகிற வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். "ஆம்பளைக்கு ஆம்பள" என்று என்னைத் தள்ளிவிட்டார். அப்பா அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டதில்லை. அந்த ஒன்றாவது அவருக்கு நடந்ததே என்று நினைத்து நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

என் கணவர் லொறியில் ஒரு பெரிய தண்ணீர்க் கேன் கட்டிக்கொண்டார். ஆடி மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ரோட்டில், வளைவுக்கு வளைவு பீலி பாய்கிற ரோட்டில், தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓட்டினார். தலவாக்கலை ஸ்டேசனில் மற்ற டிரைவர்மார் சிரித்தார்கள். "என்னா அண்ணே, கடலுக்கு உப்பு கொண்டு போறீங்களா?" என்றார்கள். நான்கூட ஒருநாள் கேட்டேன், இங்கே எதற்கு என்று. "இருக்கட்டும் புள்ள" என்றார்.

அப்பா போனதும் ஆடியில்தான். சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. லயத்துப் பெண்கள் வாயில் ஊற்றப் பால் கொண்டுவந்தார்கள். உதடு திறக்கவில்லை. அந்நேரம் லொறியை வாசலில் நிறுத்திவிட்டு என் கணவர் நனைந்தபடி உள்ளே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். வெளியே போய்க் கேனிலிருந்து அந்தப் பழைய டின்னில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து தூளிப் பக்கத்தில் குனிந்தார்.

அப்பா கண்ணைத் திறந்தார். "வண்டி நிக்குதா மாப்ள?" என்றார்.

"நிக்குது மாமா."

"அப்ப எனக்கு ஊத்துங்க."

ஊற்றினார். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய் கடைவாயில் வழிந்து சாக்கை நனைத்தது. போதும், போதும் என்று நான் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. டின் காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.